தவிட்டுக்குக் கொடுத்த தம்பி

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, அக்கா ஜெயந்தி, நான். அக்காவின் வீட்டுக்காரர் வெளியே பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். முனிராஜ் இல்லை. கெலமங்கலத்தில் தக்காளி ஏற்றிப் பெங்களூரில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அவன் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் ஊர் திரும்பியிருப்பான். அவனுடைய வழக்கமான வழியே அதுதான்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று டாக்டர் கேட்டார்.

"இவ மூத்தவ, இவன் எளையவன். ரெண்டே பேர்தாங்க மேடம்" என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். அக்காவும் நானும் திருத்தவில்லை. பொய் சொல்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தக் கேள்வி நாளைக்கு வேறொரு குடும்பத்துக்கும் வரும். அவர்களாவது சரியாக எண்ணிச் சொல்லட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முனிராஜ் என் தம்பி. என் அம்மா பெற்ற மூன்றாவது பிள்ளை. கெலமங்கலத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. மூன்று போயின. அதனால் முனிராஜ் பிறந்த பதினாறாம் நாள் அவனை முறத்தில் கிடத்தி, அம்மாவின் முந்தானையில் ஒரு படி தவிட்டைப் போட்டு, பெரியம்மா வாங்கிக்கொண்டாள். தவிட்டை வாங்கிவிட்டால் பிள்ளையை விற்றதாகக் கணக்கு. பெற்றவளுக்கு உரிமை அதோடு முடிந்தது. பிறகு அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணினால், மூன்றைக் கொண்டுபோனது நாலாவதையும் தேடி வந்துவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எனவே அம்மா எண்ணவில்லை. அவன் அவளைச் சித்தி என்றான். பெரியம்மா மகன் என்றே நான் அவனை அறிந்து வளர்ந்தேன். உண்மை எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். யாரும் மறைக்கவில்லை. வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நோய் வந்த விதத்தைச் சொல்கிறேன். ஓசூரில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பர்கூர் பக்கம் கல் குவாரியில் துளை போட்டு என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தார். அந்த வருஷக் கோடையில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலில் எங்கோ இடித்துக்கொண்டது போல நீலத் தழும்புகள், ஆனால் எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. பல் தேய்த்தால் துப்பும் நுரை சிவப்பாக வந்தது. கம்பெனி மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றபடி இரண்டு மாதம் ஷிப்ட் பார்த்தேன்.

கடைசியில் ஓசூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், முடிவை என்னிடம் கொடுக்காமல் உள்ளே போய் இன்னொரு முறை பார்த்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம் இருந்தன. அன்று மாலையே கர்நாடக எல்லை தாண்டி, பெங்களூரு சாலையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ஊசி இறங்கும்போது மரத்துத்தான் இருந்தது. உறிஞ்சும்போது மட்டும், காலிலிருந்து எதையோ வேரோடு பிடுங்குவது போல ஒரு வலி வந்து போயிற்று. ரிப்போர்ட்டில் அப்லாஸ்டிக் அனீமியா என்று எழுதியிருந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறவேண்டிய இடத்தில் வெறும் கொழுப்புதான் இருக்கிறது என்று அர்த்தம்.

"குவாரித் தூசிங்களா மேடம்? சின்னதுல என்கூட வருவான்" என்று அப்பா கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க. நிறைய பேருக்குக் காரணமே தெரியறதில்ல. நீங்க மனசுல போட்டுக்காதீங்க" என்றார் டாக்டர். அப்பா மனதில் போட்டுக்கொண்டார்.

அந்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் சற்று நிதானித்துத்தான் வரும். ஆனால் அவசரப்படாமல் விளக்குவார். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எலும்பு மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள் கொஞ்சம் உண்டு. ஒரு குருத்தணு சிவப்பணுவும் அல்ல, வெள்ளையணுவும் அல்ல. எதுவாகவும் ஆகக்கூடியது. எதுவாக ஆகவேண்டும் என்பது அதற்கு வரும் தகவலைப் பொறுத்தது. உடம்பில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் ஒரு புரதத்தை ரத்தத்தில் அனுப்புகிறது, சிவப்பணு வேண்டும் என்று. தட்டணு வேண்டுமென்றால் கல்லீரல் வேறொன்றை அனுப்புகிறது. செல்லின் மேல்தோலில் அந்தந்தப் புரதத்துக்கென்று பிடிகள் இருக்கின்றன. புரதம் வந்து பிடியில் உட்கார்ந்ததும் சேதி ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி உட்கருவரை போகிறது. அங்கே சில ஜீன்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன. செல் படிப்படியாக வேறு ஆளாகிறது. பக்கத்தில் இருக்கும் எலும்புச் செல்களும் சும்மா இருப்பதில்லை. "நீ இப்படியே இரு, மாறாதே" என்று சில குருத்தணுக்களை அவை நிறுத்தி வைக்கின்றன. எல்லாமே மாறிவிட்டால் நாளைக்கு விதை இருக்காதே.

"அப்ப எனக்கு சிக்னல் வரலையா மேடம்?" என்று கேட்டேன்.

"சிக்னல் மத்தவங்களவிட உங்களுக்கு ரொம்ப அதிகமா வருது. சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் கத்திட்டே இருக்கு. கேக்கறதுக்குத்தான் செல் இல்ல. உங்க எதிர்ப்புச் சக்தியே அதை அழிச்சிருக்கு."

இப்படிக் கேட்க ஆளில்லாத நிலைக்கு வைத்தியம் இரண்டு. இளவயதுக்காரர்களுக்கு முதல் வழி, முழுமையாகப் பொருந்தும் உடன்பிறந்தவரிடமிருந்து மஜ்ஜை எடுத்து மாற்றுவது. அப்படி ஒருவர் இல்லையென்றால் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு மருந்தை ஏற்றி, தாக்கும் அணுக்களை அடக்கி, மிச்சமிருக்கும் குருத்தணுக்கள் தலையெடுக்கின்றனவா என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. அக்காவைச் சோதித்தார்கள். பாதிதான் பொருந்தினாள். எனவே குதிரை மருந்து.

"கொள்ளு ஊறப்போட்டு வெச்சிருக்கேன்டா. இனிமே உனக்கு இட்லியெல்லாம் எறங்காது" என்றாள் அக்கா. மருந்து ஏறும்போது எனக்குக் குளிர் உதறிக்கொண்டிருந்தது. அப்படியும் சிரித்தேன். அவள் வெளியே போய் அழுதாள் என்று அவள் வீட்டுக்காரர், மாமா, பிறகு சொன்னார்.

அந்தப் படுக்கையில்தான் போனில் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒவ்வொருவரும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று இருந்தது. முனிராஜின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மருந்துதான் ஏறுதில்ல. அதுல கேக்கும்னு மேடமே சொன்னாங்க."

"கேக்கலன்னா?"

"சாமி, மூணு பேரத் தின்ன வீடுடா அது. நான் வாயத் தொறந்து அவனையும் காட்டிக் குடுக்கட்டுமா? ஒன்னக் காப்பாத்த அவன அடகு வெக்கச் சொல்றியா?"

படித்தவன் சொல்லவேண்டிய பதில் ஒன்று இருந்தது. அவள் மறுபடி கதவைத் திரும்பிப் பார்த்ததும் அதை நான் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டுக்கு, "ரத்தம் கம்மியாம், மாத்திரை சாப்புடறான்" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். வந்து பார்க்கிறேன் என்று பெரியம்மா சொன்னபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளினார்கள்.

மாதங்கள் போயின. மருந்து கேட்கவில்லை. கல்லீரல் அனுப்பும் சேதியைப் போலவே வேலை செய்யும் ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டு மாமா பாதி அட்டையாகக் கிடைக்குமா என்று விசாரித்தார். கேட்க ஆளில்லாத வீட்டில் அழைப்பு மணியை மாற்றி என்ன பயன்? வாரம் தவறாமல் யாரோ ஒருவரின் ரத்தத்தில் உயிரோடு இருந்தேன். என் ஷிப்ட்டில் வேலை பார்த்த ஒடிசா பையன்கள் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு வந்து தட்டணு கொடுத்தார்கள். திரும்பிப் போகப் பஸ் காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாள் வாடகை அறையில் அக்கா குக்கரில் சமைத்தாள். பச்சையாக எதுவும் கூடாது என்பதால் கொத்தமல்லிகூட வெந்துதான் வந்தது. மாமா தினமும் கம்பெனி முடிந்து பைக்கில் எல்லை தாண்டி வந்து, என் கால்மாட்டில் நின்று, கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு வேறு எதுவும் பேச வராது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பா காத்திருப்போர் அறையிலேயே குடியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அங்கே வந்துபோன எல்லாருடைய நோயின் பெயரையும் கற்றுக்கொண்டார்.

பிறகு காய்ச்சல் வந்தது. இறங்கவில்லை. இருமினால் ரத்தம். வலது நுரையீரலில் பூஞ்சைக் காளான் பிடித்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. சண்டை போட வெள்ளையணு இல்லாத உடம்பில் காளானுக்கு என்ன தடை? தட்டணு அவசரமாகத் தேவை என்று என் சிநேகிதன் ஒருவன் போன் ஸ்டேட்டஸில் போட்டான். அது எப்படியோ கெலமங்கலம் மண்டி வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "உங்க தம்பி கீழ பிளட் பேங்க்ல சண்டை போட்டுட்டு இருக்காரு."

"தம்பி இல்ல சிஸ்டர். பெரியம்மா பையன்."

"சும்மா சொல்லாதீங்க. அதே மூக்கு, அதே காது. கோபம்தான் அவருக்கு ஜாஸ்தி."

சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்கக்கூடாது. நாளைக்கு மாற்று சிகிச்சை நடந்தால் உடம்பு அதை ஏற்க மறுக்கலாம் என்பதால் அப்படி ஒரு விதி. அதைத்தான் கீழே அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் முகமூடி கட்டிக்கொண்டு மேலே வந்தான். தக்காளிக் கூடை சுமந்த சட்டையை மாற்றியிருக்கவில்லை, அதனால் வாசலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

"ஏண்ணா, என் ரத்தம் ஆவாதாமே. பீடி, குடி ஒன்னும் கெடையாது. ஒனக்கு ஏத்தறதுக்குத் தக்காளி ரசமா இருக்குது என் ஒடம்புல?"

சிரிக்கப் பார்த்தேன், இருமல் வந்தது. அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்து, ஊதிப்போய், நான் எப்படி இருந்தேன் என்பது அவன் கண்ணில்தான் எனக்குத் தெரிந்தது.

"எத்தினி மாசமா இப்படி?"

"அஞ்சாறு ஆச்சு."

"நான் வாரத்துல நாலு நாள் இந்த ரோட்லதான் போறேன்" என்றான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். "இவர் யாரு?"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் முனிராஜ் சொன்னான்: "தம்பிங்க. கூடப் பொறந்தவன்."

"கூடன்னா? ஒரே அம்மா, ஒரே அப்பாவா?"

"இவங்க பெத்தாங்க. வளந்தது கெலமங்கலத்துல."

டாக்டர் கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மாதிரி ஒன்று. "அம்மா, நான் மொதல் நாளே கேட்டேனே."

"குடுத்த புள்ளைய எண்ணக்கூடாதுங்க மேடம்" என்றாள் அம்மா.

அன்றைக்கே அவனுக்கு ரத்தம் எடுத்தார்கள், சோதனைக்காக. முடிவு வரும்வரை அப்பா ஒரு வேளைதான் சாப்பிட்டார். முழுப் பொருத்தம்.

பெரியம்மா அதைக் கேட்டு ஓடிவந்தாள். காத்திருப்போர் அறையில் அத்தனை பேர் நடுவில் அம்மாவைப் பார்த்து நின்றாள். அக்கா பக்கத்தில் இருந்ததால் நடந்தது அப்படியே எனக்குத் தெரியும்.

"எனக்குச் சொல்ல ஒனக்கு இத்தினி மாசம் ஆச்சாடி?"

"குடுத்தத எப்படிக்கா திருப்பிக் கேக்கறது? அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"புள்ளையவா கேட்ட? அவன் எலும்புல ஊர்ற ரத்தம் ஒரு பாட்டிலு. இன்னிக்கு எடுத்தா கொஞ்ச நாள்ல ஊறிடும்னு டாக்டரே சொல்றாங்க. அதக் கேட்டிருந்தா நான் இல்லன்னிருப்பனா? இவ குடுக்கமாட்டான்னு முடிவே பண்ணிட்ட."

"அப்பிடி இல்லக்கா."

"வேற எப்பிடி?"

முனிராஜுக்கு மயக்கம் கொடுத்து மஜ்ஜை எடுத்த அன்று பெரியம்மா வந்து, அவன் மயக்கம் தெளிந்து மோர் கேட்கும்வரை இருந்தாள். அம்மா வாங்கி வந்த டீயைக் குடிக்கவில்லை.

மாற்று சிகிச்சை என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஆபரேஷனே இல்லை. முதலில் கடும் மருந்து கொடுத்து என் உடம்பின் எதிர்ப்பை அடக்கினார்கள். பிறகு தம்பியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை, கரும்சிவப்பாக, மேலே எண்ணெய் மினுமினுக்க ஒரு பையில் வந்தது. ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றினார்கள்.

"எலும்புக்குள்ள எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"அதுவே போகும். எலும்புக்குள்ள இருக்கற செல்கள் ஒரு சிக்னல் விடும். குருத்தணு அதைப் பிடிச்சிட்டே போய் ஒட்டிக்கும். அப்புறம் பக்கத்துல என்ன சொல்றாங்களோ அதைக் கேட்டு சிவப்பு, வெள்ளை எல்லாம் ஆகும். அதுக்கு முனிராஜ் வீடு, உங்க வீடுன்னு வித்தியாசம் தெரியாது."

"அப்ப அது என் செல் ஆயிடுமா?"

"வேலை உங்களுக்குச் செய்யும். உள்ள இருக்கற டிஎன்ஏ அவருதுதான். அது மாறாது."

அதற்குப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன் இதை. போன இடத்தில் வேர்விடுவதும், வந்த இடம் உள்ளே அப்படியே இருப்பதும் ஒரு செல்லுக்குள் சண்டையில்லாமல் நடக்கிறது. எங்களால் முடியவில்லை.

மூன்றாவது வாரத்தில் வெள்ளையணு எழுந்தது. எண்ணிக்கையை எழுதும் பலகையில் நர்ஸ் பக்கத்தில் ஒரு பூ வரைந்துவிட்டுப் போனார். மெல்ல மற்றவையும் ஏறின. இப்போது யாருடைய ரத்தமும் எனக்கு வேண்டியதில்லை. ஆனால் காளான் தின்ற நுரையீரலின் கீழ்ப்பாகம் திரும்பவில்லை. படியேறினால் நடுவில் நிற்கிறேன். தொழிற்சாலையின் எண்ணெய்ப் புகையில் இனி வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தற்போது ஒரு சிறிய கடையில் கணினியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா எனக்கென்று குவாரித் தூசியில் சம்பாதித்த படிப்பு ஒரு மூலையில் கிடக்கிறது.

பெரியம்மா அம்மாவோடு சண்டை போடுவதில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், என்னை விசாரிக்கிறாள், வைத்துவிடுகிறாள். முன்பெல்லாம் இருவரும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். முனிராஜ் மாதம் ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டு வருகிறான். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறான். "என் சரக்கு எப்படி ஓடுதுண்ணா?" என்று கேட்டு மார்பில் தட்டுகிறான். அம்மா சோறு போட்டால் சாப்பிடுகிறான். ஆனால் அவளைச் சித்தி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அம்மா என்றும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்க்கிறான். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். ஒருமுறை அவன் போன பிறகு, "எண்ணாம இருந்தது அவனுக்காகத்தான்டா. அதச் சொல்லு அவன்கிட்ட" என்றாள். சொன்னேன். "தெரியும்ணா. ஒனக்காக ஒரு தரம் எண்ணியிருக்கலாமில்ல" என்றான்.

ஆகவே படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தத்துக் கொடுத்தவர், வேறு ஊரில் வளர்ந்தவர், பேச்சுவார்த்தை அறுந்தவர் யாராக இருந்தாலும், டாக்டர் கேட்டால் சொல்லிவிடுங்கள். வீட்டு முறைக்கு அவர் யாராகவோ இருக்கட்டும். ரத்தத்துக்கு அவர் யார் என்பதைத்தான் அங்கே கேட்கிறார்கள்.

கடைசியாகப் போன பரிசோதனையில் அப்பா டாக்டரிடம் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டே: "மொத நாளே அவனச் சொல்லியிருந்தா எவ்ளோ செலவு ஆயிருக்கும்ங்க மேடம்?"

டாக்டர் சொல்ல விரும்பவில்லை. அப்பா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "மாற்று சிகிச்சை மட்டும்னா ஒரு பத்து லட்சத்துல முடிஞ்சிருக்கும். நுரையீரலும் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

எங்கள் தமிழ்நாட்டு அரசுக் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஆஸ்பத்திரியில் செல்லவில்லை. பர்கூர் சாலையில் வீடு கட்ட வாங்கிப்போட்ட மனை போயிற்று. அக்காவின் நகை போயிற்று. குதிரை மருந்து, மாத்திரை, காளானுக்கு ஏற்றிய ஊசிகள், ஊரார் கொடுத்த ரத்தத்தைப் பிரித்த கூலி, நாள் வாடகை அறை, கடைசியில் தம்பியின் மஜ்ஜை, எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.